பின்சக்கரம்

“கெளம்புனவன எங்க போறன்னு கேட்டியா நீ?”

சுருளிராஜன் தன் மனைவி ராமுத்தாயிடம் இப்படிக் கேட்டது போன வருசம் கார்த்திகையில், கம்பம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தடியில். எதிரே பிணவறையின் பூட்டிய கதவுக்குள் அவர்கள் மகன் சுரேஷ்கண்ணன் கிடந்தான்.

“ஆமா. கேட்டேன்” என்றாள் ராமுத்தாய்.

அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால், நாலு பேர் முன்னால் கை நீட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார், வெகுநேரம் தேடிய சாமான் கைக்குக் கிடைத்துவிட்டது போல.

புறப்படுகிறவரை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. கூடலூரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். தெரிந்தே ஆக வேண்டுமென்றால் ‘தொலைவா?’ என்று கேட்டுக்கொள்ளலாம். வாய் தவறிக் கேட்டுவிட்டால், போகிறவர் வீட்டுக்குள் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும்.

அன்றைக்கு விடியலில் ராமுத்தாய்க்கு வாய் தவறிவிட்டது. மகள் பவானி சைக்கிளை எடுத்துக்கொண்டு குமுளி மலை ரோட்டுக்குப் பயிற்சிக்குப் போயிருந்தாள். அவளுக்குப் பின்னால் வெளிச்சம் காட்டிக்கொண்டு போவதற்காக அண்ணன்காரன் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான். தினமும் நடக்கிறதுதான். தூக்கக் கலக்கத்தோடு வாசலுக்கு வந்தவள், “எங்கடா போற, இந்தக் குளிருல தலைக்குத் துண்டுகூட இல்லாம?” என்று கேட்டுத் தொலைத்தாள்.

“கேட்டுட்டியா!” என்று சிரித்தான் அவன். “சரி, தண்ணிய எடுத்து வையி. வந்து குடிச்சுக்கிறேன்.”

ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு பறந்த ஒரு ஜீப், வளைவில் அவனைப் பின்னாலிருந்து அடித்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த பவானிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாரையும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. போகிறவர்களும் சொல்வதில்லை. சுருளிராஜன் திராட்சைத் தோட்டத்துக்குப் போனால் செருப்புச் சத்தம், கம்பம் மார்க்கெட்டுக்குப் போனால் டிவிஎஸ் வண்டிச் சத்தம். ராமுத்தாய் சத்தத்தை வைத்துத்தான் தன் புருசனைத் தெரிந்துகொண்டாள். பவானியின் சைக்கிளுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டு மாட்டினார் அவர். சாவி அவர் அரைஞாணில் தொங்கியது.

அந்தப் பூட்டு இன்றைக்குத்தான் திறந்தது.

திறக்க வைத்தவன் விஜய்ராஜ். சின்னமனூரில் அரிசி மில் வைத்திருக்கிற குடும்பம். தை மாதம் பவானிக்கும் அவனுக்கும் கல்யாணம். பேச்சு முடிக்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: “பொண்ணு சைக்கிள் ஓட்டுறதுல எங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்ல. ஆனா ரோட்டுல வேணாம். வீட்டுக்குள்ள எம்புட்டு வேணாலும் ஓட்டட்டும்.”

வீட்டுக்குள் எப்படி சைக்கிள் ஓட்டுவது என்று எல்லாரும் முழித்தார்கள். விஜய்ராஜ் தன் போனை எடுத்துக் காட்டினான். சைக்கிளை ஒரு மெஷினில் மாட்டி நிறுத்திவிடுவார்களாம். மிதித்தால் எதிரே திரையில் ரோடு ஓடுமாம். திரையில் ஏற்றம் வந்தால் மெஷின் தானே இறுகிக்கொள்ளுமாம். ஸ்மார்ட் ட்ரெய்னர் என்று பெயர்.

“அத சீர்ல சேர்த்துருவோம்” என்றார் சுருளிராஜன். மாப்பிள்ளை வீட்டார் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சொன்னார். “இப்பவே வாங்கிருவோம். கல்யாணம் வரைக்கும் இங்கனயே ஓட்டட்டும்.”

கட்டில், பீரோ, வெண்கலப் பானை, அதோடு இது.

ஆக, இன்றைக்குக் காலையில் விஜய்ராஜின் கார் வாசலில் வந்து நின்றது. பழனிசெட்டிபட்டியில் இதெல்லாம் விற்கிற கடை ஒன்று இருக்கிறதாம். எதிர்வீட்டுப் பிச்சையம்மாள் தண்ணீர் தெளிக்கிற சாக்கில் வெளியே வந்தாள்.

“என்ன ராமுத்தாயி, குடும்பத்தோட... தொலைவா?”

“தேனிப் பக்கம்.”

“வீட்டுக்குள்ள ட்ரெய்னரு வைக்கப் போறீகளாமே?” குரலைத் தாழ்த்தினாள். “ஆம்பளையா, பொம்பளையா?”

“அது மெஷினு, அக்கா.”

“மெஷினா? நல்லவேளை. நான் வயசுப் புள்ள இருக்க வீட்டுக்குள்ள எவனையோ கொண்டாந்து வைக்கப் போறாகன்னு ராத்திரியெல்லாம் தூங்கல.”

விஜய்ராஜ் வாய்விட்டுச் சிரித்தான். பவானிகூட உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். சுருளிராஜன் ஏற்கெனவே முன்சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ரோட்டைப் பார்ப்பது, கடித்த நாயைப் பார்ப்பது மாதிரி இருக்கும்.

*

கடைக்காரர் இம்மானுவேல் நல்ல வாய்க்காரர். ஆள் உள்ளே நுழைந்ததுமே நாற்காலி போட்டு, டீக்குச் சொல்லி, பவானியைப் பார்த்து, “ஓட்டப் போறது பாப்பாதானே? எடை எம்புட்டும்மா?” என்றார்.

“எடை எதுக்கு?” சுருளிராஜன் முகம் சுருங்கியது.

“மெஷினுக்குத் தெரியணும்ல ஐயா. ஏத்தம் வரும்போது குண்டு ஆளுக்கு ஒரு மாதிரி இறுக்கணும், ஒல்லி ஆளுக்கு ஒரு மாதிரி இறுக்கணும். அது ஏமாத்தாது. மாப்பிள்ளை முன்னாடி எடையைச் சொல்லக் கூச்சமா? பயப்படாதீக, நான் வெளிய சொல்ல மாட்டேன்.”

இரண்டு ரகம் இருந்தது. இரண்டையும் தரையில் எடுத்து வைத்தார்.

முதலாவது இரும்புச் சட்டம். சைக்கிளை அப்படியே, சக்கரத்தோடு, அதன்மேல் ஏற்றிப் பின் அச்சை இறுக்கிவிடுவது. பின்சக்கரத்தின் டயர் ஒரு உருளையில் உரசிக்கொண்டு சுற்றும். கடையிலிருந்த ஒரு சைக்கிளை அதில் மாட்டி அவரே ஏறி மிதித்துக் காட்டினார். மிக்சியில் தேங்காய்ச் சில்லைப் போட்டது போல ஓர் இரைச்சல் எழுந்தது. டீ கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இந்தச் சத்தத்துல எங்கம்மா சீரியல் பார்த்தாப்லதான்” என்றான் விஜய்ராஜ்.

“அதான் தம்பி இதுல குறை. டயரும் சீக்கிரம் தேயும். ஏத்தத்தையும் முழுசாக் காட்டாது. மழை நாள்ல சும்மா மிதிச்சுக்கிறவுகளுக்குப் போதும்.” இறங்கி இரண்டாவதைத் தட்டினார். “இதுதான் சரியான சரக்கு. பின்சக்கரத்தையே கழத்திர வேண்டியது. சக்கரம் இருக்க எடத்துல இந்த மெஷினை மாட்டிச் சங்கிலியை இதோட பல்சக்கரத்துல போட்டுரலாம். மலை ஏத்தம் மலை ஏத்தமாவே இருக்கும். சத்தம்? ஃபேன் ஓடுற மாதிரிதான்.”

“எனக்கு மொதலாவதே போதும்” என்றாள் பவானி.

காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஸ்டேட் லெவல்ல மெடல் வாங்குன பொண்ணுன்னு தம்பி போன்ல சொன்னாக. ஒனக்குப் போயி இதாம்மா? டயர் சூடானா இதோட கணக்கே தப்பிப் போகும்.”

“பரவால்ல. எனக்கு இது போதும்.”

“காசுக்குப் பார்க்காதத்தா” என்றார் சுருளிராஜன். மகளிடம் பேசும்போது மட்டும் அவர் குரலில் இன்னமும் ஈரம் இருந்தது. இரண்டாவது மெஷின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். திராட்சைக் கொடியில் எந்தக் கணுவை வெட்டுவது என்று பார்க்கிற அதே பார்வை.

“பின்சக்கரத்தக் கழத்திட்டுத்தான் இதுல மாட்டணுமோ?”

“ஆமாங்கய்யா.”

“மாட்டுனப்புறம் அந்தச் சக்கரம்?”

“அது சும்மா ஒரு மூலையில கெடக்க வேண்டியதுதான்.”

“அப்ப சைக்கிள் ரோட்டுக்கு வராது.”

“எப்படிங்கய்யா வரும்?” இம்மானுவேல் சிரித்தார். “பின்னங்கால் இல்லாத மாடு மாதிரில்ல நிக்கும்!”

சுருளிராஜன் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். “இதையே போடுங்க.”

“அப்பா, எனக்கு வேணாம்ப்பா. அது கனம். தூக்கி வைக்க ரெண்டு ஆளு வேணும்.”

“தூக்கி எங்கத்தா வைக்கப் போற?”

பவானி தரையில் கிடந்த முதல் மெஷினைப் பார்த்தாள்.

விஜய்ராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். கெட்ட பிள்ளை இல்லை. சண்டை என்றால் நடுவில் ஒரு ஆளைத் தேடுகிற சுபாவம், அவ்வளவுதான். “அப்பாவும் மகளும் ஆளுக்கொண்ணு சொல்றீக. அத்தை சொல்லட்டும். அத்தை, நீங்க எதைச் சொல்றீகளோ அதுதான்.”

ராமுத்தாயிடம் யாரும் எதையும் கேட்டு ரொம்பக் காலம் ஆகிவிட்டது. வாயைத் திறந்தால் என்ன வந்து விழுமோ என்று, சந்தையில் கத்தரிக்காய் விலைகூடக் கேட்காமல் கை காட்டி வாங்குகிறவள் அவள்.

இரைச்சலை நினைத்தாள். மாமியார் வீட்டு முகச்சுளிப்பை நினைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்து விடிய விடியக் கூரையைப் பார்க்கிற புருசனை நினைத்தாள்.

“சத்தமில்லாததே இருக்கட்டும்” என்றாள்.

பவானி அவளைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. வேப்பமரத்தடியில் அவள் அப்பா பார்த்த பார்வையின் சாயல் அதில் இருந்தது.

“முடிஞ்சது” என்று கையைத் தட்டிக்கொண்டார் இம்மானுவேல். “உன் சைக்கிள்ல பின்னாடி எத்தனை பல்சக்கரம் பாப்பா? அதுக்குத் தக்கனதான் மெஷின்ல மாட்டணும்.”

“பதினொண்ணு” என்றாள் பவானி, தரையைப் பார்த்துக்கொண்டு.

*

சுரேஷ்கண்ணனின் அறையில்தான் இடம் இருந்தது.

அவன் கட்டிலைச் சுவரோரம் தள்ளினார்கள். படத்துக்குப் போட்டிருந்த மாலையில் கை படாமல் விஜய்ராஜ் ஒயரை இழுத்துச் சொருகினான். தரையில் ரப்பர் விரிப்பு, எதிரே டிவி, பக்கத்தில் மேசை விசிறி. முன்சக்கரத்துக்கு அடியில் வைக்க ஒரு கறுப்புக் கட்டையும் கடையில் கொடுத்திருந்தார்கள்.

பின்சக்கரத்தைச் சுருளிராஜனே கழற்றினார். மாப்பிள்ளை கிட்டே வந்தபோது வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார். அச்சுக் கைப்பிடியைத் தளர்த்தி, சங்கிலியை விலக்கி, சக்கரத்தை மெல்லத் தூக்கினார். அது கையில் சுற்றி ‘டிக் டிக் டிக்’ என்றது. நின்றதும் சத்தமும் நின்றது. அதைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில், சுரேஷ்கண்ணனின் ஷூக்களுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார்.

அந்தச் சக்கரம் அவன் வாங்கிக் கொடுத்தது. மருந்துக் கம்பெனியில் சேர்ந்து வாங்கிய முதல் சம்பளம். எடை குறைந்த பந்தயச் சக்கரம். “ஒரு கையில தூக்கிப் பாரும்மா” என்று ராமுத்தாயிடம் கொண்டுவந்து நீட்டினான். அவள் தூக்கிப் பார்த்துவிட்டு, அப்பளம் மாதிரி இருக்கே, தாங்குமா என்று கேட்டிருந்தாள்.

“எந்த ரோட்டைப் போடலாம்?” டிவியில் பெயர்களை நகர்த்தினான் விஜய்ராஜ். “பிரான்ஸ் இருக்கு. லண்டன் இருக்கு. நம்ம ஊரு ரோட்டைக்கூட ஏத்திக்கலாம் மாமா. இந்தா, லோயர்கேம்ப்புல இருந்து குமுளி...”

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

“வேணாம்” என்றார் சுருளிராஜன்.

“போடுங்க” என்றாள் பவானி. அவள் ஏற்கெனவே சைக்கிள்மேல் உட்கார்ந்திருந்தாள்.

திரையில் ஒரு கோடு வளைந்து வளைந்து மேலே ஏறியது. ஒரு பொம்மை மனுசி அதன்மேல் சைக்கிள் ஓட்டினாள். மின்நிலையத்துக்கு மலையில் இறங்குகிற தண்ணீர்க் குழாய் இல்லை, குரங்கு இல்லை, மரம்கூட ஏதோ சீமை மரம். ஆனால் வளைவுகள் அதே வளைவுகள். ஒவ்வொரு திருப்பத்திலும் மெஷின் தானாக இறுகியது. பவானியின் தொடை நரம்பு புடைத்தது. வேர்வை ரப்பர் விரிப்பில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. இத்தனை மாதம் பூட்டிக் கிடந்த கால்கள். அவள் மூச்சைத் தவிர அறையில் சத்தம் இல்லை. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை.

ராமுத்தாய் நிலைப்படியில் நின்று பார்த்தாள். மகள் இவ்வளவு பாடுபட்டு ஓட்டுகிறாள். கட்டில் அங்கேயே இருக்கிறது. சுவரில் படம் அங்கேயே இருக்கிறது. முன்சக்கரம் கட்டைமேல் அசையாமல் நிற்கிறது.

ஒரு வளைவு வந்தது. பவானி சீட்டிலிருந்து எழுந்தாள். நின்றபடி இரண்டு மிதி மிதித்தாள். பிறகு கால்கள் நின்றுபோயின. திரையில் அந்தப் பொம்மையும் ரோட்டின் நடுவே நின்றது. பவானி கழுத்தைத் திருப்பி, தோளுக்கு மேலாகப் பின்பக்கம் பார்த்தாள். அங்கே சுவர்தான் இருந்தது.

எந்த வளைவு என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சுருளிராஜன் கிட்டே போய் மகளின் முதுகில் கை வைத்தார். ரொம்ப இதமாகச் சொன்னார்.

“இங்கன ஜீப்பு வராதுத்தா. ஓட்டு.”

பவானி ஓட்டினாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து, ஒரு வருசமாகக் கிடைக்காத ஏதோ ஒன்று கிடைத்தவர் போல, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

*

விஜய்ராஜ் டீ குடித்துவிட்டு, “போயிட்டு வாறேன் அத்தை” என்று நாலு தடவை சொல்லிக் கிளம்பிப் போனான். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. பவானி கொல்லைப்புறத்துத் தொட்டியில் முகத்தை அமிழ்த்தி அமிழ்த்தி எடுத்தாள். ராமுத்தாய் துண்டோடு போய் நின்றாள்.

“நல்லாத்தானே இருக்கு மெஷினு” என்றாள் மெதுவாக.

“நல்லாருக்கு.”

“பெறகு ஏன்த்தா மூஞ்சிய இப்படி வச்சிருக்க?”

பவானி துண்டை வாங்கவில்லை. தண்ணீர் வடிய வடிய நின்றாள். “அம்மா, வார ஞாயித்துக்கிழம மதுரையில செலக்சன். ரயில்வேல விளையாட்டுக்காரவகளுக்கு வேலை குடுக்குறாகல்ல, அதுக்கு. கோச் போன் பண்ணிச் சொன்னாக. இதுக்கப்புறம் எனக்கு வயசு தாண்டிரும்.”

ராமுத்தாய்க்கு முதலில் விளங்கவில்லை. “மதுரையில... ரோட்டுலயா?”

“பின்ன வீட்டுக்குள்ளயா? ரோட்டுலதான்.”

“அப்பாகிட்ட...”

“சொன்னா அன்னைக்கே திரும்பச் சங்கிலி போட்டுருவாக. அதான் மெஷினுக்குச் சரின்னு சொன்னேன். அந்த மொத மெஷினுன்னா சக்கரம் சைக்கிள்லயே இருக்கும்மா. ஒரு திருகைத் தளத்துனா போதும், தூக்கிட்டுப் போயிருப்பேன். ஒரு நாள். ஒரே ஒரு காலை. ஓட்டிட்டுத் திரும்ப கொண்டாந்து மாட்டியிருப்பேன், யாருக்கும் தெரிஞ்சிருக்காது.” தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “சத்தமில்லாததே இருக்கட்டும்னு நீ சொன்ன.”

“எனக்கு எப்படித்தா தெரியும்? சத்தத்துக்காகத்தான...”

“சத்தத்துக்காகவா?”

ராமுத்தாய் துண்டைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். சத்தத்துக்காகத்தான் சொன்னாளா? பின்னங்கால் இல்லாத மாடு என்று அந்த மனுசன் சொன்னபோது, நெஞ்சுக்குள் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்த மாதிரி இருந்ததே, அது எதற்காக? மகள் இனி ஒருநாளும் அந்த ரோட்டுக்குப் போக மாட்டாள் என்ற நிம்மதி அவளுக்கும்தான் வந்தது. அவருக்கு வந்ததைவிட ஒரு நொடி பிந்தி, அவ்வளவுதான்.

“நீயும் அப்பா மாதிரிதான்” என்றாள் பவானி. “அவுக வெளிய காட்டுறாக. நீ காட்டல.”

“சக்கரம் கட்டிலுக்கு அடியிலதானத்தா கெடக்கு?” ராமுத்தாய் சுற்றுமுற்றும் பார்த்துக் கிசுகிசுத்தாள். “மெஷின்ல இருந்து கழத்தித் திரும்ப மாட்டத் தெரியுமா ஒனக்கு?”

பவானி நிமிர்ந்து பார்த்தாள். “தெரியும்.”

“அது இல்லாட்டி வேற சக்கரம்...”

“அது இல்லாட்டி ஒண்ணுமில்ல. இந்தக் கம்பம் பக்கத்துல யார்கிட்ட இருக்கு அந்த மாதிரி சக்கரம்? அண்ணன் வாங்கிக் குடுத்தது ஒண்ணுதான்.”

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது. சின்ன இருமல். தொண்டையைச் சரிசெய்துகொள்கிற மாதிரி. கொல்லை ஜன்னல் திறந்திருந்தது. சுரேஷ்கண்ணனின் அறை ஜன்னல்.

கட்டில் நகர்கிற சத்தம். பிறகு, மெல்ல, ‘டிக் டிக் டிக்.’

பவானி ராமுத்தாயின் கையைப் பிடித்தாள். “அம்மா” என்றாள். “அம்மா, அவுக எடுக்குறாக. நீ சொல்லும்மா. ஏதாவது சொல்லும்மா.”

“நானா?”

“நான் போனா காலைப் பிடிச்சு அழுவாக. இல்ல, நான் அழுவேன். நீ போ.”

ராமுத்தாய் உள்ளே ஓடினாள். அடுப்படியைத் தாண்டும்போது கை தானாக நீண்டு தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டது. ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு தெரிந்தது.

சுருளிராஜன் வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். வலது தோளில் சக்கரம், ஏர் சுமக்கிறது போல. முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. டிவிஎஸ் வண்டியின் சாவி விரலில் தொங்கியது. எதிர்வீட்டில் பிச்சையம்மாள் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள்.

என்ன சொல்வது? போகாதீங்க என்றால் கேட்க மாட்டார். அதைக் கொடுங்க என்று கெஞ்சினால் கேட்க மாட்டார். பிள்ளைக்கு வேலை, வயசு, மதுரை என்று எதைச் சொன்னாலும் அவர் காதில் ஜீப் சத்தம்தான் கேட்கும். இந்த மனுசனை நிறுத்தக் கூடிய வார்த்தை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு வருசமாக அவள் நாக்குக்கு அடியில் போட்டு வைத்திருந்த வார்த்தை. அவர் அதை நம்புகிறார். அதை நம்பித்தான் அவளை இத்தனை நாளும் பேசாமல் கொன்றார்.

“ஏங்க.”

அவர் நிற்கவில்லை. முதல் படியில் இறங்கினார்.

“எங்க போறீக?”

தெருவில் பிச்சையம்மாளின் கை விளக்கருகே அப்படியே நின்றது. கொல்லைப்புறத்திலிருந்து வந்த பவானி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

சுருளிராஜன் நின்றார். தோளில் சக்கரம் ஒரு சுற்று சுற்றி ஓய்ந்தது.

மெதுவாகத் திரும்பினார். ஒரு வருசத்துக்குப் பிறகு அவள் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தார்.

“கேட்டுட்டேன்” என்றாள் ராமுத்தாய். அவள் கண்ணை எடுக்கவில்லை. “வாய் தவறிக் கேக்கல. தெரிஞ்சுதான் கேட்டேன். உள்ள வாங்க. உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிங்க. பெறகு எங்க வேணாலும் போங்க.”

சொம்பை நீட்டினாள். தண்ணீர் தளும்பி அவள் மணிக்கட்டில் வழிந்தது.

அவர் சொம்பைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். உதடு லேசாகப் பிரிந்தது. ஒரு கால் படியேறுவதற்காக எழும்பியது போலத்தான் அவளுக்குத் தெரிந்தது.

வந்துவிடுவார். அவர் அதை நம்புகிறவர். உட்கார்ந்து குடிப்பார். குடிக்கிற நேரத்துக்குள் பவானி அந்தச் சக்கரத்தை... இல்லை, ராமுத்தாயே கேட்டு வாங்கிவிடுவாள். இன்றைக்கு அவளுக்கு வாய் இருந்தது.

எழும்பிய கால் திரும்பவும் கீழ்ப்படியிலேயே ஊன்றியது.

அவர் உட்கார மாட்டார் என்பது அவளுக்கு அந்த நொடியில் தெரிந்துபோனது. உடனே இன்னொன்றும் தெரிந்தது, மெஷின் இறுகுவது போல நெஞ்சை இறுக்கிக்கொண்டு. நம்புகிறவர் தண்ணீர் குடிக்காமல் போக மாட்டார். அப்படியானால் இவர் நம்பவே இல்லையா? வேப்பமரத்தடியில் கேட்டபோதும் நம்பவில்லையா? பழி போட ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக, ஒரு வருசம் முழுக்க அவளை... இல்லை, நம்பித்தான் போகிறாரா? நம்பி, தெரிந்தே, மகன் குடிக்காமல் போன தண்ணீரைத் தானும் குடிக்காமல் போகிறாரா?

“ஏங்க, சொல்லிட்டாவது போங்க” என்றாள். “எதையாவது சொல்லுங்க.”

சுருளிராஜன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். சக்கரத்தை இடது தோளுக்கு மாற்றினார். வண்டியில் ஏறி, உதைத்து, கிளப்பினார்.

தோட்டத்துக்குப் போவதென்றால் தெருமுனையில் வலது பக்கம். கம்பத்துக்கும் வலதுதான். ராமுத்தாய் சொம்போடு வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டாள். அவளுக்கு அவரைத் தெரிவது சத்தத்தில்தான்.

வண்டி முனையில் ஒரு கணம் தயங்கியது. பிறகு இடது பக்கம் திரும்பியது, மகன் போன பிறகு அவர் ஒருநாளும் போகாத மலை ரோட்டுப் பக்கம். வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகும் அந்த ‘டிக் டிக்’ அவள் காதுக்குள் கொஞ்ச நேரம் கேட்டது.